கூரைக்குப் பறந்த கித்தான்

1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தது. அமெரிக்கக் கடற்படைப் பட்டறை ஒன்றில் பழுதுபார்ப்பதற்காக ஒரு டார்பிடோ வந்து கிடந்தது. கடலுக்கடியில் பாய்ந்துபோய் எதிரிக் கப்பலைத் துளைக்கும் அந்த நீள உருளை, அழுத்தி அடைத்த காற்றின் உந்துதலில் ஓடுவது. மேலே கித்தான் போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் இருந்தார். எதிர்பாராமல் உள்ளிருந்த காற்று திறந்துகொண்டது. போர்த்தியிருந்த கித்தான் உப்பி எழுந்து, கண் இமைப்பதற்குள் கூரையில் போய் முட்டியது. போர்க்காலப் பட்டறையில் இதெல்லாம் சில்லறைச் சம்பவம். ஆனால் ஹெட்ரிக்கின் மனதில் அந்தக் கித்தான் எட்டு ஆண்டுகள் சத்தமில்லாமல் மடிந்து கிடந்தது.

1952-ல் வசந்தகால ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் நியூபோர்ட் ஊருக்கு வெளியே, 1948-ஆம் ஆண்டு கிரைஸ்லர் வின்ட்சர் காரில் ஹெட்ரிக்கும் மனைவியும் ஏழு வயது மகளும் உலாவக் கிளம்பியிருந்தார்கள். மகள் முன்சீட்டில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே. குறுக்கே மான் பாயும் சாலை என்பதால் கண்ணெல்லாம் சாலை மேலேயே இருந்தது. ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டியதும் எதிரே பெரிய பாறை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். கார் பள்ளத்தில் இறங்கியது. பிரேக்கை மிதித்த அதே கணத்தில் அவர் கையும் மனைவியின் கையும் தாமாகவே மகளின் முன்னால் நீண்டன.

யாருக்கும் அடியில்லை. மரமும் வேலியும் மயிரிழையில் தப்பின. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு அந்தக் கைகளின் நினைப்புதான். இன்னும் கொஞ்சம் வேகம் இருந்திருந்தால் அந்தக் கைகள் எதைத் தடுத்திருக்கும்? காரின் உள்ளிருந்தே ஏதாவது ஒன்று எழுந்து வந்து குழந்தையைத் தாங்கக் கூடாதா? அன்று இரவு சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்தார். அடுத்த இரண்டு வாரம் மாலைதோறும் அந்த மேஜையில் படங்கள் வரைந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் எட்டு ஆண்டு மடிந்து கிடந்த கித்தான் மறுபடி எழுந்தது.

படம் எளிமையானது. காரின் முன்மூடிக்குக் கீழே அழுத்தக் காற்று நிரப்பிய ஒரு கலன். ஸ்பிரிங்கில் மாட்டிய ஒரு எடைக்கட்டி. கார் சட்டென்று நின்றால் அந்தக் கட்டி முன்னால் நகர்ந்து வால்வைத் திறக்கும். ஸ்டியரிங்கின் நடுவிலும் டேஷ்போர்டிலும் மடித்து வைத்த பைகளுக்குள் காற்று பாயும். 1952 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1953 ஆகஸ்ட் 18-ல் கிடைத்தது. பெரிய கார் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் அக்கறை காட்டவில்லை. அமெரிக்கக் காப்புரிமைக்கு அன்று ஆயுள் 17 ஆண்டு. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

இதில் ஒரு விந்தை உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் வால்டர் லிண்டரர் என்பவர் கிட்டத்தட்ட இதே யோசனையோடு 1951 அக்டோபரிலேயே விண்ணப்பித்திருந்தார்; அவருக்கும் 1953-ல்தான் காப்புரிமை வந்தது. கடலுக்கு இரு கரையிலும் ஒரே கனவு. இரண்டு கனவும் ஒரே இடத்தில்தான் இடித்து நின்றன. அந்த இடத்தின் பெயர், நேரம்.

கார் நேருக்கு நேர் மோதும்போது உள்ளிருப்பவர் ஸ்டியரிங்கையோ டேஷ்போர்டையோ போய் அடைவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட முழுசாக ஆவதில்லை. மோதலை உணர்ந்து, முடிவெடுத்து, பையை முழுக்க விரிக்க, நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் முப்பது நாற்பது கூறுதான் மிச்சம். கண் ஒருமுறை இமைக்கவே அதைப்போல மூன்று நாலு மடங்கு ஆகும். கலனிலிருந்து வால்வு வழியாக வரும் காற்றால் அந்த வேகத்தில் பையை நிரப்ப முடியவில்லை. தலை மோதி முடிந்த பிறகு வந்து விரியும் மெத்தை எதற்கு?

ஜப்பானில் ஒருவர் அந்தக் கேள்வியைத் தலையில் தூக்கிக்கொண்டார். யாசுசாபுரோ கோபோரி. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1963 வாக்கில், தன் சொந்தப் பணத்தில் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். காற்றுக் கலனால் ஆகாது, வெடிமருந்துதான் வழி என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது. பல நாடுகளில் காப்புரிமையும் பெற்றார். உள்ளூரிலோ, மனிதரின் முகத்துக்கு எதிரே மருந்து வெடிக்கும் கருவியா என்று சிரித்தார்கள். ஜப்பானின் வெடிபொருள் சட்டமும் குறுக்கே நின்றது. 1975-ல் கோபோரியும் மனைவியும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர் சொன்ன வழியில்தான் உலகம் போகப்போகிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

வழி திறந்தது போர்த்தளவாடம் செய்தவர்களிடம். நியூஜெர்சியில் ஆலன் பிரீட் என்பவர் ராணுவத்துக்கான வெடிகுண்டுத் திரிப்பொறிகள் செய்யும் நிறுவனம் நடத்திவந்தார். குண்டு எப்போது வெடிக்க வேண்டும், எப்போது வெடிக்கவே கூடாது என்பது அவருக்குக் கைவந்த தொழில். 1960-களின் இறுதியில் அவர் ஒரு சின்னக் குழாயைக் காட்டினார். உள்ளே ஒரு எஃகுக் குண்டுமணி. அதை ஒரு காந்தம் பிடித்து வைத்திருந்தது. குண்டு குழியில் கார் குலுங்கினால் காந்தம் மணியை விடாது. மோதினால் மட்டும் மணி காந்தப் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி, எதிர்முனையில் மின்சுற்றை இணைத்துவிடும். மோதலை அறியும் நரம்பு கிடைத்துவிட்டது. ஊதுவது யார்?

அரிசோனாவில் டாலி என்ற நிறுவனம். அங்கே ஜான் பியட்ஸ் என்ற வேதியியலாளர், காற்றை அடைத்து வைப்பதற்குப் பதில் அந்த நொடியிலேயே உண்டாக்கிக்கொண்டால் என்ன என்று யோசித்தார். சோடியம் அசைடு என்ற உப்பு. கையால் தொடக்கூடாத நஞ்சு. ஆனால் மின்பொறி பட்டதும் சிதைந்து நைட்ரஜனாகிவிடும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிற அதே நைட்ரஜன். கைக்குள் அடங்கும் ஒரு டப்பா மருந்து, அறுபது லிட்டர் பையை ஊதிவிட்டது. 1968-ல் வந்த இந்த மருந்தோடு நேரம் வசப்பட்டது. புதுச் சிக்கல் பையிடமிருந்து வந்தது. சூடான வாயு வெடிவேகத்தில் வந்து அறையும்போது எந்தத் துணி தாங்கும், எந்தத் தையல் பிரியாமல் நிற்கும்?

இந்தக் கேள்வி நெருப்பெரிச்சல்காரர்களுக்குப் புரிகிற மாதிரி வேறு எந்த ஊராருக்கும் புரியாது. திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட இந்த வடக்குப் பகுதியில் ஓவர்லாக், பேட்லாக் ஓசை கேட்காத தெரு குறைவு. தையல் விட்டுப்போன ஒரு பீஸ் செக்கிங் மேஜையில் மாட்டினால் என்ன ஆகும் என்று பவர் டேபிளில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஓடுகிற பனியன் துணி இந்த வேலைக்கு ஆகாது. அது கண்ணிக்குள் கண்ணி கோத்த பின்னல் துணி. இழுத்தால் நீளும், அதுதான் அதன் சுகம். இங்கே தேவைப்பட்டது நீளாத துணி. பாவும் ஊடையுமாக இறுக்கி நெய்த நைலான், அதிலும் நைலான் 6,6 என்ற வகை. பாலியஸ்டரைவிட அதை உருக்க அதிகச் சூடு செலவாகும். திருப்பூரின் நிட்டிங் கம்பெனிகளைவிட, பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு நெருங்கிய உறவு அது. ஆரம்பத்தில் அதன்மேல் நியோபிரீன் ரப்பர் பூசினார்கள். மடிப்பு கனத்தது, நாளாவட்டத்தில் பூச்சு பழுத்தது. பிறகு சிலிக்கோன் வந்தது, இழையும் மெலிந்தது.

ஓட்டுநர் பக்கத்துப் பையைப் பிரித்துப் பார்த்தால் அது வியப்பூட்டும் அளவுக்கு எளிய தையல் சாமான். வட்டமாக வெட்டிய இரண்டு துண்டு. விளிம்பைச் சுற்றி ஓட்டுத் தையல். பிறகு உள்ளே வெளியே புரட்டல். வாயு நுழையும் நடு ஓட்டையைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டுத்துணி. பை முகத்தில் வந்து இடிக்காமல் இழுத்துப் பிடிக்க உள்ளே நாடாக்கள். பின்பக்கம் இரண்டு துளை. தலை வந்து அழுந்தியதும் வாயு அதன் வழியே வெளியேற வேண்டும். துளை இல்லையென்றால் தலை பந்தில் பட்டதுபோல் எகிறும். தையல் விட்டுப்போனால் அதன்மேல் இன்னொரு ஓட்டு ஓட்டிச் சரிக்கட்டுவது கிடையாது. பை கழிவுக்குப் போகும். பத்துப் பதினைந்து ஆண்டு மடிந்து கிடந்துவிட்டு, ஒரே ஒருமுறை, ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் மட்டும் வேலை செய்யும் துணி அது. முதல் முயற்சியே கடைசி முயற்சி.

நரம்பு, மருந்து, துணி மூன்றும் கூடிவிட்டன. 1973-ல் ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் ஆயிரம் செவர்லே இம்பாலா கார்களில் பையை வைத்து சோதனைக்கு ஓடவிட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஓல்ட்ஸ்மொபைல் டோரனாடோவில் கூடுதல் விலை கொடுத்தால் கிடைக்கும் வசதியாகப் பொதுமக்களுக்கே விற்பனைக்கு வைத்தது. பெரிய விற்பனையை எதிர்பார்த்த நிறுவனம் மூன்று ஆண்டில் விற்றது சுமார் 10,000 கார். 1976-ல் கடையைக் கட்டியது. ஹெட்ரிக்கின் காப்புரிமையோ 1970-லேயே காலாவதியாகிவிட்டது. அவர் பெட்டிக்கு ஒரு டாலர்கூட வந்து சேரவில்லை.

தோல்விக்குக் காரணம் பை மட்டும் இல்லை. அதனிடம் கேட்கப்பட்ட வேலையும்தான். அமெரிக்கர்கள் சீட் பெல்ட் போட மறுத்தார்கள். வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-லேயே மும்முனை பெல்ட்டைத் தந்திருந்தும் அது பெரும்பாலும் சீட்டில் சும்மா தொங்கியது. பெல்ட் போடாதவரையும் பை ஒன்றே காப்பாற்ற வேண்டும் என்றது அரசு. அதனால் பை பெரிதாக வேண்டியிருந்தது, மருந்து மூர்க்கமாக வேண்டியிருந்தது. இடையில் இன்னொரு முயற்சியும் நடந்தது: 1974 மாடல் கார்களில் பெல்ட் போடாமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாதபடி பூட்டு வைத்தார்கள். மளிகைப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தால்கூட வண்டி அடம்பிடித்தது. மக்கள் கொதித்தார்கள், அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. பையும் பெல்ட்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அதை யார் மாற்றுவது?

ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் 1967-லிருந்தே இதில் உழைத்துக்கொண்டிருந்தது. வயலில் ஏறி இறங்கியும், கல்லிலும் குழியிலும் குலுக்கியும், தவறான நேரத்தில் பை வெடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். 1971-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தும் பத்தாண்டு அவசரப்படவில்லை. 1981-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் எஸ் கிளாஸ் காரில் அதைக் காட்டியபோது கேள்வியே மாறியிருந்தது. பெல்ட் உடலைப் பிடிக்கட்டும்; பை தலையையும் மார்பையும் ஏந்தட்டும். பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் கிடையாது. இந்த ஒரு திருத்தம்தான், என் கணிப்பில், அத்தனை மருந்தையும் துணியையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு. இருந்தும் அது செல்வந்தர் காரில்தான் உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவில் இந்தப் பையை நீண்ட காலம் எதிர்த்தவர் லீ அயகோக்கா. அவர் தலைமையில் இருந்த கிரைஸ்லர்தான் 1988-ல் திடீரென்று திசை திரும்பி, ஓட்டுநர் பக்கத்துப் பையை எல்லாருக்கும் பொதுவாகப் பொருத்தத் தொடங்கியது. இரண்டே ஆண்டில் விடை வந்தது. 1990 மார்ச் 12. வர்ஜீனியாவில் கல்பெப்பர் என்ற ஊர்ப்பக்கம், இரண்டு கிரைஸ்லர் லெபாரன் கார்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. இரண்டிலும் பை இருந்தது. நொறுங்கிய இரும்பைப் பார்த்தவர்கள் இரண்டு உடல்களை எதிர்பார்த்திருப்பார்கள். ஓட்டியவர்கள் இருவரும் சிறு காயங்களோடு பிழைத்தார்கள். ஸ்டியரிங்குகளின் நடுவிலிருந்து காற்றிறங்கிய வெள்ளைத் துணி ஒவ்வொன்று தொங்கிக்கொண்டிருந்தது. இன்று கார் ஷோரூமில் ‘எத்தனை இருக்கிறது’ என்று ஆறு, ஏழு என எண்ணிக் கேட்கிற அந்த ஏர்பேக், உலகை நம்பவைத்த நாள் அது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1991-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1998 மாடலிலிருந்து முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். முன்பயணி பக்கமும் ஏர்பேக்குகள் பெருகின. கூடவே ஒரு செய்தி வந்து எல்லாரையும் உலுக்கியது. மெதுவான, உயிர் போகத் தேவையே இல்லாத மோதல்களில் முன்சீட்டுக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். பெல்ட் போடாத பெரியவரைத் தாங்க அளவெடுத்த மருந்து, டேஷ்போர்டை ஒட்டி இருந்த பிஞ்சுக் கழுத்தை ஒடித்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஏழு வயதுப் பெண்ணுக்காகப் பிறந்த கருவி அது.

மருந்தின் வேகம் குறைந்தது. இரு கட்டமாக, தேவைக்கேற்ப ஊதும் ஊதிகள் வந்தன. சீட்டில் இருப்பவரின் எடையை அறியும் உணரிகள் வந்தன. குண்டுமணிக் குழாயின் இடத்தில், அரிசியளவுகூட இல்லாத சிலிக்கான் அசைவுணரி வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர் பின்சீட்டில்தான் என்ற பழக்கத்தை அமெரிக்கா ஊட்டி வளர்த்தது. கதவோரத்தில் கூரையிலிருந்து இறங்கும் திரை ஏர்பேக்கும் வந்தது. சேலைக் கரைக்குக் கொடி ஏற்றும் அதே ஜக்கார்டு தறியில், இரண்டு அடுக்குத் துணியை ஒரே வீச்சில், விளிம்பைத் தைக்காமலே மூடி நெய்கிறார்கள் அதை. இனி எல்லாம் சரி என்று எல்லாரும் மூச்சுவிட்டபோது, ஊதியே வெடித்தது.

டகாட்டா. 1933-ல் ஜப்பானின் ஷிகா வட்டாரத்தில் தொடங்கிய நெசவுக் கம்பெனி. கப்பலுக்கு உயிர்க்கயிறு நெய்தவர்கள், போருக்குப் பின் சீட் பெல்ட்டுக்கு வந்தார்கள். 1980-களில் ஹோண்டா ஏர்பேக் செய்யச் சொன்னபோது, இதில் ஒன்று தப்பினாலும் கம்பெனி திவாலாகும், இந்த ஆபத்தான பாலத்தில் ஏற முடியாது என்று டகாட்டா முதலாளி தயங்கியதாக ஹோண்டா பொறியாளர் ஒருவர் பின்னாளில் எழுதினார். பிறகு ஏறினார்கள். 2000-க்குப் பிறகு மருந்தை மாற்றினார்கள். விலை மலிவான அம்மோனியம் நைட்ரேட். பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்து, ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மருந்து வில்லைகள் நொய்ந்துவிடும். நொய்ந்த வில்லை மிக வேகமாக எரிந்து, உலோகக் கூட்டையே சிதறடித்து, துண்டுகளைத் துணி வழியே முகத்தில் பாய்ச்சும். வெயிலும் ஈரமும் கூடிய ஊர்களில்தான் சாவு அதிகம். மலேசியாவிலும் உயிர்கள் போயின. உலகெங்கும் சுமார் 10 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் டகாட்டா திவால் மனு கொடுத்தது. நம் ஊர் வெயிலில் ஓடும் பழைய கார்களுக்கும் மாற்று ஊதிக்கான அழைப்பு வந்தது. அப்படி வந்த அழைப்பை அலட்சியம் செய்யாமல் மாற்றிக்கொள்வது உயிர்க் காரியம்.

இந்தியாவின் கதை இந்தச் சுழல்களுக்கு வெளியே, வேறொரு கணக்கில் நடந்துகொண்டிருந்தது. விலைக் கணக்கு. இங்கே ஏர்பேக் என்பது டாப் மாடல் வாங்குபவருக்கான அலங்காரம். டிவிஎஸ் 50-யிலிருந்து காருக்கு மாறிய குடும்பம் வாங்கிய அடிமட்ட மாடலில் ஸ்டியரிங்கின் நடுவே இருந்தது ஹாரன் மட்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, நம் நாட்டில் அதிகம் விற்ற சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத வடிவில் வாங்கிச் சுவரில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவருக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம்.

அதில் ஐ10 நம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த கார். ஃபிகோ மறைமலைநகரில் பிறந்தது. வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அதே ஐ10 ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானபோது ஏர்பேக்குகளோடு போனது. 2008-ல் அங்கே நடந்த சோதனையில் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் வாங்கியது. ஒரே ஆலை. கப்பலேறிய காரில் பை இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இறங்கிய அடிமட்ட காரில் இல்லை. போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மறுபடி மோதியபோது பூஜ்யம் நாலாக மாறியது. ஏர்பேக் இல்லாத போலோவை ஃபோக்ஸ்வாகன் உடனே நிறுத்தியது. மற்றவர்கள் நகர, சட்டம் வரவேண்டியிருந்தது.

2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் பக்கம் கட்டாயமானது. முன்பயணி பக்கம் 2021-ல் புது மாடல்களுக்கும், அந்த ஆண்டு முடிவுக்குள் பழைய மாடல்களுக்கும். 2022 ஜனவரியில் ஆறு ஏர்பேக் என்று வரைவு அறிக்கை வந்தது. அக்டோபரில் நடைமுறை என்றார்கள். செப்டம்பர் 4-ல் மும்பை அருகே பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. நாடே ஏர்பேக் பற்றிப் பேசியது. அந்த மாதக் கடைசியில் ஆறு ஏர்பேக் விதி ஓராண்டு தள்ளிப்போனது. ஓராண்டு கழித்து, கட்டாயம் ஆக்கப்போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். ஆனால் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனை தந்த நட்சத்திரங்கள் சட்டம் செய்யாததைச் செய்தன. ஹூண்டாய் தன் கார்கள் எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக் என்றது; 2025-ல் ஆல்ட்டோ கே10-க்கும் ஆறு வந்தது. திருச்சி வட்டாரத்தில் ரானே குழுமம் வெளிநாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து ஏர்பேக் தயாரித்துவந்தது; இந்த அலை அங்கும் போய்ச் சேர்ந்தது. கார்த்துணி உள்ளிட்ட தொழில்நுட்ப ஜவுளிக்கென்று மத்திய அரசு 2020-ல் 1,480 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது; கோவையில் பி.எஸ்.ஜி. வளாகத்தில் தொழில்துறைத் துணிகளுக்கென ஆய்வு மையம் உண்டு.

இப்படி எழுபது ஆண்டு அலைந்து நெருப்பெரிச்சல் வீட்டு வாசலில் ஏர்பேக் வந்து நின்றதும், அதற்கு முதல் இடையூறு வீட்டாரிடமிருந்தே வருகிறது. புதுக்கார் எடுத்த வாரமே சீட் கவர் கடைக்குப் போகிறது. பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் சீட்டின் தையலை ஆலையில் வேண்டுமென்றே அளந்து பலம் குறைத்துத் தைத்திருப்பார்கள். பை கிளம்பும்போது அந்த இடத்தில் மட்டும் நூல் அறுந்து வழிவிட வேண்டும். அறுந்துபோவதற்காகவே போடுகிற தையல் அது; அதன் அருமை தையல் ஊருக்குத் தெரியாமல் போகாது. அதன்மேல் கனத்த ரெக்சின் கவரை இழுத்து மாட்டி இறுக்கினால் பைக்கு வழி அடைபடும். டேஷ்போர்டின் மூடிமேல் பசை போட்டு ஒட்டிய பிள்ளையார், மூடி திறக்கிற வேகத்தில் முன்சீட்டுக்காரரின் மேல் பாய்வார். முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி, மோதலின் அதிர்ச்சி உணரிக்குப் போய்ச் சேரும் விதத்தையே மாற்றிவிடும்; 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. இந்த மூன்றையும் செய்யாமல் இருக்க ஒரு ரூபாய் செலவில்லை.

பெருமாநல்லூர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் போகிற கார்களில் பை வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து மொபெட்டில் திரும்புகிற கட்டிங் மாஸ்டருக்கும் பவர் டேபிள் டெய்லருக்கும் வரவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களுக்கான ஏர்பேக்கும் பிறந்தாயிற்று. மேல்சட்டைபோல் மாட்டிக்கொள்வது, 2018 முதல் மோட்டோஜிபி பந்தய வீரர்களுக்குக் கட்டாயம். அதில் ஒரு வகையில் வண்டியோடு ஒரு கயிறு. ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு, அழுத்த வாயு அடைத்த ஒரு குட்டிக் கலன் திறந்து, கழுத்தையும் முதுகையும் சுற்றி உப்பிவிடும். காரில் தோற்ற ஹெட்ரிக்கின் கலன், சட்டைக்குள் ஜெயித்துவிட்டது. இந்தியாவில் அதன் விலை முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று போகிறது. உள்ளே இருப்பது காற்றுப் புகாத துணி, தையல், ஒரு கயிறு, ஒரு கலன். கலனை வெளியே வாங்கலாம். மற்ற மூன்றையும் சகாய விலையில் செய்து பார்க்க இந்த வட்டாரத்தைவிடத் தோதான இடம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.